விமான நிலையத்து மண்ணில் விளையும் வாடகை

டெல்லி விமான நிலையத்துக்குப் போகும் மெட்ரோவில் ஏரோசிட்டி என்றொரு நிறுத்தம் உண்டு. படியேறி வெளியே வந்தால் வரிசையாக ஹோட்டல்கள், கண்ணாடி போட்ட அலுவலகக் கட்டடங்கள், நடுவே மரம் நட்ட முற்றங்கள். ஒரு மதிய நேரத்தில் வேர்ல்ட்மார்க் கட்டடங்களுக்கு இடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பெட்டியோடு வருகிறவர்களைவிடக் கழுத்தில் அடையாள அட்டையோடு சாப்பிட வருகிறவர்கள்தான் அதிகம். சில நிமிடங்களுக்கு ஒரு விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு மிகத் தாழ்வாகப் போகிறது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அங்கே இருக்கும் எவருக்கும் அந்த மண் சொந்தமில்லை. அறைக்குப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் வாங்கும் ஹோட்டல்காரருக்கு இல்லை. ஏழெட்டு மாடி எழுப்பி ஐடி கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் கட்டுமான நிறுவனத்துக்கு இல்லை. இவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்த விமான நிலைய நிறுவனத்துக்கும் இல்லை. எல்லோரும் குத்தகைதாரர்கள். ஒரு குத்தகைக்குள் இன்னொரு குத்தகை, அதற்குள் ஒரு வாடகை என்று வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக இருக்கிறது. வெளித்தோல் என்றைக்குக் காலாவதியாகிறதோ, அன்றைக்கு உள்ளே இருக்கும் அத்தனைக்கும் கேள்வி வரும்.

விமான நிலையத்தைச் சுற்றி மனை விலை ஏறும் என்பது நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று அறிவிப்பு வந்த மறுவாரமே காஞ்சிபுரம் சாலையில் பிளாட் விளம்பரப் பலகைகள் முளைத்தன. நான் சொல்ல வருவது வேலிக்கு வெளியே இருக்கும் அந்த நிலத்தை அல்ல. வேலிக்கு உள்ளே, அரசு கையகப்படுத்திய நிலத்தில், ஓடுபாதைக்கும் டெர்மினலுக்கும் போக மிச்சமிருக்கும் இடத்தில் நடக்கும் வியாபாரத்தை. அதன் கணக்கைப் புரிந்துகொள்ள இந்தியாவில் டெல்லியைவிட நல்ல பாடம் கிடையாது.

2006 ஏப்ரலில் இந்திய விமான நிலைய ஆணையமும் ஜிஎம்ஆர் குழுமம் தலைமையில் அமைந்த டெல்லி இன்டர்நேஷனல் ஏர்போர்ட் நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அந்த நிறுவனத்தில் ஆணையத்துக்கே 26 சதவீதப் பங்கு உண்டு. ஏறத்தாழ 4,800 ஏக்கர் விமான நிலைய நிலம் 30 வருடக் குத்தகைக்குப் போனது. நிறுவனம் விரும்பினால் இன்னொரு 30 வருடம் நீட்டித்துக்கொள்ளலாம். நிலக் குத்தகைத் தொகை வருடத்துக்கு 100 ரூபாய். அது வெறும் சம்பிரதாயத் தொகை. உண்மையான விலை வேறு இடத்தில் இருந்தது. நிறுவனம் ஈட்டும் மொத்த வருமானத்தில் 45.99 சதவீதத்தை ஆணையத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். லாபத்தில் அல்ல, வருமானத்தில். ஏலத்தில் அந்த அளவுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டுதான் அவர்கள் எடுத்தார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு சிறிய எண் இருக்கிறது: 5 சதவீதம். மொத்த நிலத்தில் அந்த அளவை மட்டும் விமானப் போக்குவரத்துக்கு நேரடித் தொடர்பில்லாத வணிகத்துக்குப் பயன்படுத்தலாம். ஏட்டில் பார்த்தால் அற்பமாகத் தெரியும். தலைநகரில், தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, குருகிராமுக்கும் தெற்கு டெல்லிக்கும் நடுவில் அது ஏறத்தாழ 240 ஏக்கர். இன்றைக்கு நாம் பார்க்கும் ஏரோசிட்டி அந்த 5 சதவீதத்தின் ஒரு பகுதிதான்.

ஒரு விமான நிலையம் ஏன் ஹோட்டலுக்கும் ஆபீசுக்கும் இடம் விட வேண்டும்? விமானம் இறங்கும் கட்டணம், நிறுத்தும் கட்டணம், பயணியிடம் வசூலிக்கும் பயனர் மேம்பாட்டுக் கட்டணம் எல்லாம் அரசு கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 2008-இல் சட்டம் வந்து, மறுவருடம் விமான நிலையங்கள் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. பெரிய விமான நிலையங்களில் அந்த ஆணையம் அனுமதிக்கும் அளவுதான் வாங்க முடியும். ஆனால் ஒரு காபிக் கடைக்கு என்ன வாடகை, ஒரு ஹோட்டல் மனைக்கு என்ன டெபாசிட் என்பதில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. விமானமும் பயணியும் வருவதுதான் முதலீடு, அதைச் சுற்றி நடக்கும் வியாபாரம்தான் வளரக்கூடிய வருமானம். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் இதை ஐரோப்பாவில் முன்கூட்டியே புரிந்துகொண்டது. அங்கே விமான நிலைய வளாகத்துக்குள்ளேயே உலக வர்த்தக மையம் என்ற பெயரில் அலுவலகக் கோபுரங்கள் இருக்கின்றன. சிங்கப்பூர் போய்வந்த நம்மவர்களில் சாங்கியின் ஜுவல் பார்க்காதவர்கள் குறைவு. முதல் டெர்மினலின் கார் நிறுத்துமிடமாக இருந்த இடம் அது. 2019-இல் அது 40 மீட்டர் உயர அருவியோடு ஒரு மாலாகத் திறந்தது. அதைக் கட்டியது சாங்கி விமான நிலையக் குழுமமும் கேப்பிட்டாலேண்ட் என்ற மனை வணிக நிறுவனமும் சேர்ந்து. பங்கு 51-க்கு 49. பெரும்பங்கை விமான நிலையம் தன் கையிலேயே வைத்துக்கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சரி, குத்தகைக்கு வருவோம்.

சொந்த மனை வாங்கிக் கட்டினால் காலம் போகப் போக மண்ணின் விலை ஏறும், கட்டடம் பழசானாலும் மண் காப்பாற்றும். விமான நிலைய மனையில் இது தலைகீழ். கட்டுகிறவரிடம் இருப்பது மண் அல்ல, மிச்சமிருக்கும் வருடங்கள். முதல் ஒப்பந்தம் 2036-இல் முடிகிறது. நீட்டித்தால் 2066. இதற்குள் போட்ட பணத்தை எடுத்து, வட்டி கட்டி, லாபமும் பார்த்துவிட வேண்டும். 2010-இல் கையெழுத்திட்டவருக்கு நீட்டிப்பையும் சேர்த்து 56 வருடம் இருந்தது. 2050-இல் அதே கட்டடத்தை ஒருவர் வாங்க வந்தால் அவருக்குக் கிடைப்பது 16 வருடம் மட்டுமே. இடம் அதே இடம், வாடகைகூட ஏறியிருக்கும், ஆனால் விலை இறங்கும். பனிக்கட்டியை வாங்கி வைப்பது போன்றதுதான் இந்தச் சொத்து.

வங்கிக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். வீட்டுக்கடனுக்குப் போனால் பத்திரத்தைக் கேட்கிறார்கள். இங்கே அடமானம் வைக்கப் பத்திரமே கிடையாது, குத்தகை உரிமை மட்டும்தான் உண்டு. அதையும் மேலே உள்ளவர் சம்மதித்தால்தான் வைக்க முடியும். அதனால் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் வங்கிகளின் வக்கீல்கள் மல்லுக்கட்டும் இடம் ஒன்று உண்டு: நடுவில் இருக்கும் விமான நிலைய நிறுவனத்தின் ஒப்பந்தம் ரத்தானால் அதன் கீழே இருக்கும் ஹோட்டலின் கதி என்ன? அரசு அந்த ஹோட்டலின் குத்தகையை அப்படியே தொடருமா, இல்லை எல்லோரையும் காலிசெய்யச் சொல்லுமா? இந்த ஒரு பத்தி தெளிவாக இல்லாவிட்டால் கடன் கிடைக்காது, கிடைத்தாலும் வட்டி கூடும். நாற்பது வருடக் கட்டடத்தின் தலைவிதி அந்தப் பத்தியில் இருக்கிறது என்பது மிகையல்ல.

குத்தகைக்கும் உரிமத்துக்கும் உள்ள வித்தியாசமும் இங்கே முக்கியம். டெர்மினலுக்குள் இருக்கும் கடைகளுக்குப் பெரும்பாலும் குத்தகை தருவதில்லை, உரிமம் மட்டும்தான். குத்தகை என்றால் அந்த இடத்தின் மேல் ஓர் உரிமை பிறக்கிறது. உரிமம் என்றால் வியாபாரம் செய்ய அனுமதி, அவ்வளவுதான். பாதுகாப்புக் காரணத்துக்காகக் கடையை நகர்த்தச் சொன்னால் நகர்த்த வேண்டும். அந்தக் கடைகளின் வாடகைக் கணக்கும் தனி. ஒரு கடைக்கு மாதம் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை 6 லட்சம், அல்லது விற்பனையில் 25 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது என்று வைத்துக்கொள்வோம். 20 லட்சத்துக்கு விற்றால் 25 சதவீதம் 5 லட்சம்தான். ஆனாலும் 6 லட்சம் கட்ட வேண்டும். 40 லட்சத்துக்கு விற்றால் 10 லட்சம். கூட்டம் வந்தால் இருவருக்கும் லாபம், வராவிட்டால் கடைக்காரருக்கு மட்டும் நஷ்டம். டெர்மினலில் இட்லிக்கு ஏன் அந்த விலை என்று கேட்பவர்களுக்குப் பதிலில் பெரும்பகுதி இங்கே இருக்கிறது. 2020-இல் கொரோனா வந்து விமானங்களே நின்றபோது இந்த உத்தரவாதத் தொகை பல கடைக்காரர்களின் கழுத்தைப் பிடித்தது. கடைசியில் விமான நிலையங்கள் தளர்த்திக்கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது டெபாசிட். டெல்லி விவகாரத்தின் உயிர்நாடி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சென்னையில் வீடு வாடகைக்கு எடுத்தவர்களுக்கு அட்வான்ஸ் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பத்து மாத வாடகையை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள்; காலிசெய்யும்போது வட்டியில்லாமல் திருப்பித் தருவார்கள். நடுவில் அந்தப் பணம் வீட்டுக்காரருக்கு இலவசக் கடன். பல பேர் அந்தப் பணத்திலேயே மேல்மாடி கட்டியிருக்கிறார்கள். டெல்லியில் நடந்தது அதன் பெரிய உருவம். ஏரோசிட்டியின் முதல் கட்டமாக 45 ஏக்கரில் ஹோட்டல் மனைகள் ஏலம் விடப்பட்டன. ஏலம் எடுத்தவர்கள் வருட வாடகையோடு, திருப்பித் தரவேண்டிய டெபாசிட்டாகவும் பெருந்தொகை கட்டினார்கள். அப்படித் திரண்ட 1,471 கோடி ரூபாய் நேராகப் புது டெர்மினல் கட்டுமானத்துக்குப் போனது.

2010 ஜூலையில் திறந்த மூன்றாவது டெர்மினலும் அதையொட்டிய வேலைகளும் சேர்ந்து ஏறத்தாழ 12,857 கோடி ரூபாய். அதில் பங்குதாரர்கள் போட்ட மூலதனம் 2,450 கோடி. அதிலும் அரசின் 26 சதவீதம் அடக்கம். ஹோட்டல்காரர்களின் டெபாசிட் 1,471 கோடி. பயணிகளிடம் மேம்பாட்டுக் கட்டணம் என்ற பெயரில் வசூலிக்க அனுமதித்தது 3,415 கோடி. மிச்சத்தில் பெரும்பகுதி வங்கிக் கடன். அந்தக் கட்டணம் 2009 மார்ச்சிலிருந்து உள்நாட்டுப் பயணிக்கு 200 ரூபாய், வெளிநாட்டுப் பயணிக்கு 1,300 ரூபாய். டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவரும் தனக்குத் தெரியாமலேயே அந்தக் கட்டடத்துக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பங்குதாரர்கள் போட்டதைவிடப் பயணிகள் கொடுத்தது அதிகம் என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது ஆறுவதில்லை. 2011-இல் இந்தக் கட்டண வசூல் முறையாக நிர்ணயிக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அப்புறம் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்து மறுபடி தொடங்கியது.

2012 ஆகஸ்டில் மத்தியத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் இருந்த ஒரு எண் அன்றைய தலைப்புச் செய்தியாயிற்று: வணிகத்துக்கு விட்ட 240 ஏக்கரில் 58 வருடங்களில் 1,63,557 கோடி ரூபாய் வருமானம் வரக்கூடும் என்று தணிக்கை சொன்னது. அமைச்சகமும் நிறுவனமும் உடனே மறுத்தன. 58 வருடக் கடைசியில் வரப்போகும் ரூபாயையும் இன்றைய ரூபாயையும் ஒரே தட்டில் வைத்துக் கூட்டியிருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. வட்டி பத்து சதவீதம் என்று வைத்தால், 58 வருடம் கழித்துக் கையில் கிடைக்கும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 40 காசு. நம் தாத்தா காலத்தில் 40 காசை அஞ்சலகத்தில் போட்டிருந்தால் இன்றைக்கு என்னவாகியிருக்கும் என்று கணக்குப் போடுவதைத் திருப்பிப் போட்டால் இதுதான் வரும். ஆகவே அந்த ஒன்றரை லட்சம் கோடியை அப்படியே ஊழல் தொகைபோலப் பேசியது தவறு. ஆனால் எண்ணைப் பற்றிய சண்டையில் எண்ணுக்குப் பின்னால் இருந்த கேள்வி காணாமல் போய்விட்டது. அவ்வளவு விளையக்கூடிய மண் கையில் இருக்கும்போது, பயணியிடம் ஏன் தனியாக 3,415 கோடி வசூலித்தீர்கள்? இந்தக் கேள்விக்கு அந்த இன்றைய மதிப்புக் கணக்கு பதிலாகாது.

பதில் கிடைக்க வேண்டுமானால் கல்லாப்பெட்டிக்குள் பார்க்க வேண்டும். விமான நிலையத் தொழிலில் உண்மையிலேயே அப்படித்தான் சொல்கிறார்கள்: ஒற்றைக் கல்லா, இரட்டைக் கல்லா, கலப்புக் கல்லா. விமானக் கட்டணமும் கடை வாடகையும் எல்லாம் ஒரே பெட்டியில் விழுந்தால் ஒற்றைக் கல்லா. கடை வாடகை ஏறினால் பயணியின் கட்டணம் இறங்கும். இரண்டும் தனித்தனிப் பெட்டி என்றால் வாடகை மொத்தமும் நிறுவனத்துக்கு. பயணிக்கு அதனால் நன்மை இல்லை. நடுவழி கலப்புக் கல்லா. 2016-இல் வந்த தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை, விமானம் சாராத வருமானத்தில் 30 சதவீதத்தைப் பயணிகள் கட்டணத்தைக் குறைக்கப் பயன்படுத்த வேண்டும் என்றது. டெல்லிக்கு அந்த 30 சதவீத ஏற்பாடு 2006 ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஆனால் அது டெர்மினல் கடைகள், விளம்பரப் பலகைகள் போன்றவற்றுக்குத்தான். ஏரோசிட்டி வாடகை அந்தப் பெட்டிக்குள் வரவில்லை. அரசுக்கு வருமானப் பங்கு போகிறது, மிச்சம் நிறுவனத்துக்கு. பயணி என்று ஒருவர் இருப்பது அந்தக் கணக்கில் தெரியவே தெரியாது. 2012 ஏப்ரலில் டெல்லி விமான நிலையக் கட்டணங்களை ஏறத்தாழ 346 சதவீதம் உயர்த்த அனுமதி கிடைத்தது. அதே வளாகத்தில் ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்தன.

நிறுவனத்தின் பக்கமும் சொல்ல வேண்டும். மொத்த வருமானத்தில் 46 சதவீதத்தை அரசுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் கடன் வட்டி கட்டி டெர்மினல் நடத்துவது சாதாரணம் அல்ல. மனை வருமானத்தை நம்பித்தான் அவ்வளவு பெரிய பங்கைத் தருவதாக ஏலம் கேட்டார்கள். அரசும் அந்தப் பெரிய பங்கின் மேல் ஆசைப்பட்டது. பங்கு அதிகம் கேட்டால் அந்தச் சுமை வேறு யாரோ ஒருவர் தலையில் இறங்கத்தான் செய்யும். 2019-இல் திருவனந்தபுரம், அகமதாபாத் உள்ளிட்ட ஆறு விமான நிலையங்களை 50 வருடத்துக்கு ஏலம் விட்டபோது அரசு இந்த முறையையே மாற்றிவிட்டது. வருமானத்தில் பங்கு வேண்டாம், பயணி ஒருவருக்கு இவ்வளவு என்று தந்தால் போதும். அகமதாபாத்துக்கு 177 ரூபாய், திருவனந்தபுரத்துக்கு 168 ரூபாய். கணக்கில் குழப்பம் குறைந்தது உண்மை. ஆனால் மனை வருமானம் எவ்வளவு கூடினாலும் இனி அரசுக்கு அதில் நேரடிப் பங்கு இல்லை.

காலக்கெடுவைப் போலவே உயரத்துக்கும் ஒரு கெடு உண்டு. நகரத்துக்குள் மனை விலை ஏறினால் மாடியை ஏற்றிச் சமாளிக்கலாம். விமான நிலையம் அருகே அது நடக்காது. ஓடுபாதை முனையிலிருந்து 60 மீட்டர் தள்ளி ஒரு கற்பனைச் சரிவு தொடங்குகிறது. ஐம்பது மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும். அந்தச் சரிவின் நேர்கீழே ஒரு கிலோமீட்டர் தொலைவில் மனை இருந்தால், கட்டடம் 20 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஐந்து மாடிக்கு மேல் வராது. பக்கவாட்டில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. நான்கு கிலோமீட்டர் ஆரத்துக்கு 45 மீட்டரில் ஒரு கண்ணுக்குத் தெரியாத கூரை இருக்கிறது. அலுவலக மாடிக்கு நான்கு மீட்டர் என்றால் பதினொரு மாடி. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் அடுக்குமாடி கட்டியவர்களுக்கு இந்தத் தடையில்லாச் சான்று பழகிய விஷயம். அதில் உயரத்தைத் தரையிலிருந்து சொல்ல மாட்டார்கள், கடல் மட்டத்திலிருந்து சொல்வார்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, இடிதாங்கிக் கம்பி எல்லாம் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். கட்டும்போது நிறுத்தும் கிரேனுக்கும் அனுமதி வேண்டும். ஏரோசிட்டிக் கட்டடங்கள் ஏன் குட்டையாக, அகலமாகப் பரந்து கிடக்கின்றன என்பதற்குக் காரணம் இந்தக் கூரைதான்.

பாதுகாப்பு இன்னொரு தலைவலி. ஏரோசிட்டி ஹோட்டல்களில் சில அறைகளிலிருந்து விமான நிலையம் நன்றாகத் தெரியும். விற்பனைக்கு அது பெரிய கவர்ச்சி. பாதுகாப்புத் துறையினருக்கு அதுவே கவலை: ஓடுபாதையை நோக்கி ஜன்னல் திறந்தால் துப்பாக்கிக்கும் அது திறப்புதானே? கட்டிமுடித்த ஹோட்டல்கள் அனுமதிக்குக் காத்துக்கிடந்தன. மறைப்புகள், கூடுதல் சோதனை ஏற்பாடுகள் என்று பேசி முடித்து, 2013-ஆம் ஆண்டின் கடைசி வாக்கில்தான் கதவுகள் திறக்கத் தொடங்கின. அந்தக் காலம் முழுவதும் வட்டி ஓடியது, குத்தகைக் காலமும் கரைந்தது. கட்டுவதற்கு முன்பே ஜன்னல் எந்தத் திசை என்று எல்லாத் துறைகளும் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்த இழப்பு வந்திருக்காது.

திறந்த பிறகு கதை மாறியது. மெட்ரோ நிறுத்தம் முன்பே வந்திருந்தது, ஹோட்டல்களைத் தொடர்ந்து அலுவலகங்கள் வந்தன. 2019-இல் பார்தி ரியல்ட்டியோடு ஏறத்தாழ 49 லட்சம் சதுர அடிக்கு அடுத்த கட்ட ஒப்பந்தம் போடப்பட்டது. அதிலும் அதே இரண்டு வருடங்கள்: 2036, நீட்டித்தால் 2066.

சென்னையில் இதன் சின்ன வடிவத்தைப் பார்க்கலாம். மீனம்பாக்கத்தில் இடமே கிடையாது; ஒரு பக்கம் ஜிஎஸ்டி சாலை, மறுபக்கம் அடையாறு. கிடைத்த துண்டு நிலத்தில், மெட்ரோ நிலையத்தை ஒட்டிப் பல அடுக்குக் கார் நிறுத்தமும் ஏரோஹப் என்ற மாலும் 2022 டிசம்பரில் திறந்தன. இரண்டாயிரம் கார்களுக்கு மேல் நிற்கும். 2023 தொடக்கத்தில் ஐந்து திரை சினிமாவும் வந்தது. ஒரு ஞாயிறு மாலை அங்கே போனால், சிங்கப்பூர் விமானம் தாமதம் என்று தெரிந்துகொண்டு குழந்தைகளோடு மேலே ஏறி வந்த குடும்பத்தையும், விமானத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் படம் பார்க்க வந்த பம்மல் பையன்களையும் ஒரே உணவகத்தில் பார்க்கலாம். முன்பெல்லாம் வெயிலில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற கூட்டம்தான் இது. அவர்கள் உட்கார ஓர் இடம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் பரந்தூர் மீனம்பாக்கம் அல்ல. 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள்; பின்னர் 5,700 ஏக்கருக்கு மேல் என்றார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு பட்டா நிலம். டெல்லியின் 5 சதவீதக் கணக்கை அப்படியே போட்டாலே 280 ஏக்கருக்கு மேல் வணிக நிலம் வரும். புது விமான நிலையங்களில் இந்தப் பங்கு இன்னும் பெரிதாகத்தான் இருக்கும். ஹைதராபாத்தில் 5,500 ஏக்கர் வளாகத்தில் ஏறத்தாழ 1,500 ஏக்கரை வணிகத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். பெங்களூருவில் 4,000 ஏக்கர் வளாகத்தில் ஏறத்தாழ 460 ஏக்கர்.

இங்கேதான் எனக்கு, பரந்தூர் திட்டத்துக்கு நிலம் கேட்கப்படும் ஊர்களில் ஒன்றான ஏகனாபுரம் நினைவுக்கு வருகிறது. அரசு, நிறுவனம், ஹோட்டல்காரர், பயணி என்று இதுவரை பேசிய எந்தக் கணக்கிலும் மண்ணைக் கொடுத்தவருக்கு ஒரு வரி கிடையாது. டெல்லியில் நாங்கல் தேவத் என்ற கிராமம் விமான நிலைய விரிவாக்கத்துக்காக மொத்தமாக அப்புறப்படுத்தப்பட்டது. ஊர்க்காரர்களுக்கு ரங்புரி பக்கம் மாற்று மனை கிடைத்தது. பக்கத்திலேயே விளைந்த வாடகையில் பங்கு கிடைக்கவில்லை. நிலத்துக்கு ஒரே ஒரு முறை விலை கொடுக்கிறோம், அதுவும் நெல் விளையும் நிலத்தின் விலையை வைத்து. அறுபது வருடம் வாடகை வாங்கும் நிலத்தின் விலை அது அல்ல.

2013-ஆம் ஆண்டு மத்திய நிலச் சட்டத்தில் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு பிரிவு இருக்கிறது. கையகப்படுத்திய நிலத்தை எந்த மேம்பாடும் செய்யாமல் வேறொருவருக்குக் கைமாற்றினால், ஏறிய விலையில் 40 சதவீதத்தைப் பழைய உரிமையாளர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் உடைமை மாறினால்தான் அந்தப் பிரிவு உயிர்பெறும். விமான நிலைய நிலம் எந்தக் காலத்திலும் விற்கப்படுவதில்லை, குத்தகைக்குத்தான் போகிறது. அதிலும் பரந்தூர் நிலம் எடுக்கப்படுவது தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு தொழில் நோக்கங்களுக்கான நிலச் சட்டத்தின்படி.

வேறு வழியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நவி மும்பை விமான நிலையத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்குப் பணத்துக்குப் பதிலாக, மேம்படுத்திய நிலத்தில் 22.5 சதவீதத்தைத் திருப்பித் தரும் திட்டத்தை மகாராஷ்டிர அரசின் நகர மேம்பாட்டு நிறுவனமான சிட்கோ கொண்டுவந்தது. அந்த மனைகளுக்காகவே புஷ்பக் நகர் என்ற பகுதி உருவானது. கொச்சியில் நிலம் இழந்த குடும்பங்களுக்கு மாற்று மனையோடு விமான நிலைய டாக்ஸி ஓட்டும் உரிமையும் கொடுத்தார்கள். இரண்டிலும் குறைகள் உண்டு, சண்டைகளும் நடந்தன. ஆனாலும் மண்ணைக் கொடுத்தவர் அந்த மண்ணின் எதிர்காலத்திலும் ஒரு கால் வைத்திருக்கலாம் என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பரந்தூர் அங்கேயே வர வேண்டுமா, கம்பன் கால்வாயும் ஏரிகளும் என்னவாகும் என்பது தனிக் கேள்வி. அதை இதற்குள் அடக்கிவிட முடியாது. ஆனால் வருமென்றால், அதை நடத்த ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளில் ஏல ஆவணங்கள் வெளியாகும். பல நூறு பக்கம் இருக்கும். நான் முதலில் புரட்டப்போவது டெர்மினல் படத்தை அல்ல. வணிகத்துக்கு எத்தனை ஏக்கர், அந்த வாடகை எந்தக் கல்லாவில் விழும், குத்தகை எந்த வருடம் முடியும், ஏகனாபுரத்துக்காரரின் பெயர் வரும் இடம் எது. இந்த நான்கும் இருக்கும் பக்கங்களைத்தான் தேடுவேன்.